மாவிலை பதித்த மேஜை

என் அக்கா தையல் வேலை செய்கிறார். ரவிக்கை தைப்பார். பாவாடை தைப்பார். பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பார். துணியைத் தரையில் விரித்துத்தான் வெட்டுவார். மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

ஒரு நாள் அக்கா என்னிடம், "தம்பி, துணி வெட்ட ஒரு மேஜை செய்து கொடேன்" என்றார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை என் கையில் கொடுத்தார்.

எங்கள் குடும்பம் கர்நாடகத்தில், மைசூருவில் இருக்கிறது. என் மாமா மரத்தில் பதிப்பு வேலை செய்பவர். சிறு வயது முதல் நான் அவர் பட்டறைக்குப் போவேன். எனக்கு உளி பிடிக்கத் தெரியும். இழைப்புளி தள்ளத் தெரியும். அந்தத் தைரியத்தில் மாமாவைக் கேட்காமலே வேலையைத் தொடங்கினேன்.

அது ஆடி மாதம். நல்ல மழை. ஒரு மரக்கடையில் பலாப் பலகை வாங்கினேன். பத்தே நாளில் மேஜை தயார். மேல் பலகையின் குறுக்கே, சேலைக்குக் கரை போல, கறுத்த ஈட்டி மரப் பட்டை ஒன்றைப் பதித்தேன். பார்க்க அழகாக இருந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

பங்குனி வந்தது. வெயில் ஏறியது. ஒரு நாள் இரவு 'டப்' என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தோம். மேஜையின் மேல் பலகை நீளவாக்கில் பிளந்திருந்தது. நான் பதித்த கரைப் பட்டை நடுவில் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் முனையில் ஒருவர் கொடுத்த பட்டுத் துணி மாட்டி, நூல் பிரிந்திருந்தது. அந்தத் துணிக்கு அக்காதான் பணம் கட்டினார். மேஜைக்குக் கொடுத்த பணமும் போனது.

மாமா வந்தார். பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை.

"மாப்பிள்ளை, வெட்டின பிறகும் மரம் மூச்சு விடும். நீ அதுக்கு இடம் விடலை" என்றார்.

இந்த ஒரு வார்த்தையைப் புரிந்துகொண்டால் போதும். பாதி மேஜை செய்த மாதிரிதான். அதைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம்.

மரம் எப்படி மூச்சு விடும்?

மரத்துக்குள் மெல்லிய குழாய்கள் போன்ற நார்கள் உள்ளன. மரம் உயிரோடு இருக்கும்போது அவற்றில் நீர் நிறைந்திருக்கும். வெட்டிய பிறகு நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மரம் காயும். காயும்போது சுருங்கும்.

காய்ந்த மரமும் சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது உப்பும். வெயில் காலத்தில் அந்த ஈரத்தை விட்டுவிடும். அப்போது சுருங்கும். மழை நாளில் உங்கள் வீட்டுக் கதவு இறுகிக்கொள்கிறது அல்லவா? காரணம் இதுதான்.

இதில் ஒரு முக்கியமான செய்தி உண்டு. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் அசையும். இரண்டடி அகலமுள்ள மேஜைப் பலகை, மழைக்கும் வெயிலுக்கும் இடையில் ஓரிரு நூல் அளவு கூடிக் குறையும்.

நூல் என்பது தச்சர் கணக்கு. ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.

இப்போது என் முதல் மேஜையைப் பாருங்கள். நான் மூன்று தப்புச் செய்தேன்.

ஒன்று, ஈரம் காயாத பலகையை வாங்கினேன்.

இரண்டு, மேல் பலகையைச் சுற்றிலும் ஆணி அடித்துச் சட்டத்தோடு இறுக்கினேன். வெயிலில் பலகை சுருங்கப் பார்த்தது. ஆணிகள் விடவில்லை. பலகை பிளந்தது.

மூன்று, கரைப் பட்டையைக் குறுக்கே பதித்தேன். பலகை அகலத்தில் சுருங்கியது. பட்டையோ நீளவாக்கில் இருந்ததால் சுருங்கவில்லை. இடம் போதாமல் அது மேலே கிளம்பியது.

பதிப்பு வேலை என்றால் என்ன?

ஒரு மரத்தில் பள்ளம் தோண்டி, அதே வடிவில் வெட்டிய வேறு நிற மரத்துண்டை அதில் பொருத்துவதுதான் பதிப்பு வேலை. பெயின்ட் பூச்சு கிடையாது. நிறம் எல்லாம் மரத்தின் சொந்த நிறம். ஈட்டி மரம் கருஞ்சிவப்பு. பலா மரம் மஞ்சள். கருங்காலி கறுப்பு. வெட்பாலை வெள்ளை.

மைசூரு இந்த வேலைக்குப் பேர் போன ஊர். இங்கே ஈட்டிப் பலகையில் யானை, மயில், ஊர்வலம், கிராமத்துக் காட்சி எல்லாம் பதிப்பார்கள். மைசூரு ஈட்டி மரப் பதிப்பு வேலை, புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில்.

மைசூரு அரண்மனைக்குப் போனால் பழைய வேலைப்பாட்டைப் பார்க்கலாம். அங்கே முன்பு மர அரண்மனை ஒன்று இருந்தது. 1897-இல் ஒரு திருமணத்தின்போது அது தீப்பிடித்து எரிந்தது. இப்போதுள்ள அரண்மனை 1912-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் அம்பா விலாஸ் மண்டபத்துக்குள் போகும் கதவு ஈட்டி மரத்தால் ஆனது. அதில் யானைத் தந்தம் பதித்திருக்கிறார்கள்.

இன்று தந்தம் பதிக்க முடியாது. யானைகளைக் காப்பதற்காக, இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கு 1986-இல் சட்டம் தடை போட்டது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை வந்தது. தந்தத்தின் இடத்தை வெள்ளை மரங்கள் பிடித்துக்கொண்டன. வெட்பாலை மரம் தந்தம் போலவே வெளுப்பாக, வழவழப்பாக இருக்கும். மைசூருவுக்குப் பக்கத்தில் உள்ள சென்னபட்டணத்தில் பொம்மை கடைவதும் இந்த மரத்தில்தான்.

ஈட்டி மரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. நாடு விட்டு நாடு நடக்கும் ஈட்டி வியாபாரத்துக்கு 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. நமக்கு ஈட்டிப் பலகை தேவையில்லை. பட்டறையில் மிஞ்சும் சிறு துண்டு போதும். காட்டில் வெட்டிய திருட்டு மரம் வேண்டாம். ரசீது தருகிற கடையில் வாங்குங்கள்.

இந்தியாவில் வேறு ஊர்களிலும் பதிப்பு வேலை உண்டு. உத்தரப் பிரதேசத்து மைன்புரியில் சீசம் மரத்தில் பித்தளைக் கம்பியைப் பதிப்பார்கள். பஞ்சாபில் ஹோஷியார்பூர் பதிப்பு வேலைக்குப் பெயர் பெற்றது. ஊருக்கு ஊர் பொருள் மாறும். பள்ளம் தோண்டிப் பொருத்தும் முறை ஒன்றுதான்.

மேஜை எதற்கு என்று முதலில் கேளுங்கள்

இரண்டாவது மேஜை செய்ய மாமா எனக்கு உதவினார். மரம் வாங்கும் முன் அவர் அக்காவிடம் பேசினார்.

"நீ உட்கார்ந்து வெட்டுவியா, நின்னு வெட்டுவியாம்மா?" என்று கேட்டார்.

"நின்றுதான் மாமா" என்றார் அக்கா.

நான் முதலில் செய்த மேஜை 29 அங்குல உயரம். நாற்காலியில் உட்கார்ந்து எழுத அது சரி. நின்று வெட்டுபவர் குனிய வேண்டும். இடுப்பு வலி போகாது. மாமா அக்காவை நிமிர்ந்து நிற்கச் சொன்னார். முழங்கையை மடக்கச் சொன்னார். முழங்கைக்கு நான்கு விரல் கீழே அளவு எடுத்தார். 34 அங்குலம் வந்தது. அதுதான் மேஜையின் உயரம்.

பிறகு ஒரு தாளில் படம் போட்டோம். அளவுகளை எழுதினோம்.

மேல் பலகை: நீளம் 42 அங்குலம், அகலம் 24 அங்குலம், கனம் 1 அங்குலம்.

கால்கள்: நான்கு. ஒவ்வொன்றும் 33 அங்குல நீளம். இரண்டரை அங்குலச் சதுரம்.

நீளச் சட்டம்: இரண்டு. 33 அங்குல நீளம், 5 அங்குல அகலம், 1 அங்குல கனம்.

குட்டைச் சட்டம்: இரண்டு. 17 அங்குல நீளம், 5 அங்குல அகலம், 1 அங்குல கனம்.

எவ்வளவு மரம் வேண்டும்?

மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பார்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்குங்கள். கன அங்குலம் கிடைக்கும்.

மேல் பலகை 1008.
நான்கு கால்கள் 825.
நீளச் சட்டங்கள் 330.
குட்டைச் சட்டங்கள் 170.
மொத்தம் 2333 கன அங்குலம்.

ஒரு கன அடி என்பது 1728 கன அங்குலம். ஆகவே நமக்கு ஒன்றேகால் கன அடிக்குச் சற்று மேல் வேண்டும். இழைக்கும்போதும் அறுக்கும்போதும் சேதாரம் ஆகும். அதையும் சேர்த்து இரண்டு கன அடி வாங்கினோம். கணக்கைக் கையில் எழுதிக்கொண்டு போனால் கடையில் யாரும் ஏமாற்ற முடியாது. மரமும் வீணாகாது.

எந்த மரம்? அது ஈரமா, காய்ந்ததா?

இந்த முறையும் பலா மரம்தான். பலா உறுதியானது. எளிதில் கறையான் அரிக்காது. கையால் இழைக்கவும் முடியும். புதிதில் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு வருடக் கணக்கில் பழுப்பாக மாறும். அதனால் பதிக்கும் துண்டு நல்ல கறுப்பாகவோ, நல்ல வெள்ளையாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் பின்னாளிலும் பூ வேலை எடுப்பாகத் தெரியும்.

வைரம் பாய்ந்த பகுதியை வாங்குங்கள். பட்டைக்கு அடுத்த வெளிறிய பகுதியில் பூச்சி சீக்கிரம் விழும்.

மரம் காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாமா ஓர் எளிய வழி சொன்னார். பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டு வெட்டுங்கள். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எடையைக் குறியுங்கள். வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே போனால் மரம் ஈரம். மூன்று வாரம் ஒரே எடை நின்றால் மரம் காய்ந்துவிட்டது.

ஈரப் பலகையைக் காய வைக்க அவசரப்படக் கூடாது. வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில், தரைக்கு மேலே அடுக்குங்கள். ஒவ்வொரு பலகைக்கும் இடையில் குச்சிக் கட்டைகள் வையுங்கள். காற்று நடமாட வேண்டும். மேலே கனம் ஏற்றுங்கள். அப்போது பலகை முறுக்காது. ஓர் அங்குலப் பலகை காய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்பது பழைய தச்சர் கணக்கு.

எங்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை. ஆகவே ஒரு பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த மரத்தை வாங்கினோம். பழைய மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் அதற்குள் ஆணி ஒளிந்திருக்கும். ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கிய பிறகே ரம்பம் வைக்க வேண்டும்.

காலும் சட்டமும்

நாட்டு மேஜைக்கு நகாசு தேவையில்லை. உறுதியான மூட்டுத்தான் வேண்டும். காலில் துளை, சட்டத்தின் முனையில் முளை. முளை துளைக்குள் போய் உட்காரும். நம் ஊர்க் கட்டில்களிலும் கதவு நிலைகளிலும் இதே மூட்டுத்தான்.

முளையின் நீளம் 1 அங்குலம். கனம் 3 நூல். சட்டத்தின் கனத்தில் நடுவில் 3 நூல் விட்டு, இரு பக்கமும் அறுத்து எடுக்க வேண்டும்.

முதலில் துளையைத் தோண்டுங்கள். பிறகு முளையை அதற்கு ஏற்றபடி அறுங்கள். துளையைத் திருத்துவது கஷ்டம். முளையைச் சீவுவது சுலபம். முளையைக் கையால் தள்ளினால் பாதி போக வேண்டும். மீதி கொட்டாப்புளியால் தட்டினால் போக வேண்டும். தானாக உள்ளே விழுந்தால் தளர்ச்சி. ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளக்கும்.

பசை போடும் முன் எல்லாவற்றையும் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளவெடுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை. எங்கள் மேஜைக்கு 41 அங்குலமும் ஒன்றரை நூலும் வந்தது. இரண்டு பக்கமும் அதே அளவு.

பிறகு பசை தடவி மூட்டுங்கள். மூட்டின் குறுக்கே சிறு துளை போட்டு மூங்கில் ஆணி அடியுங்கள். ஓர் இரவு கயிற்றால் முறுக்கியோ, கிளாம்ப் போட்டோ இறுக்கி வையுங்கள்.

மேல் பலகை

எட்டு அங்குல அகலமுள்ள மூன்று பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டினோம். ஒரே அகலப் பலகை கிடைத்தாலும் மாமா வேண்டாம் என்றார். அது சீக்கிரம் வளையும்.

பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். வளைய வளையமாகக் கோடுகள் தெரியும். ஒரு பலகையில் வளையம் மேல் நோக்கி இருந்தால், அடுத்ததில் கீழ் நோக்கி இருக்கட்டும். அப்போது ஒன்றின் வளைவை இன்னொன்று சரிக்கட்டும்.

ஒட்டும் விளிம்புகள் நேராக இருக்க வேண்டும். இரண்டு பலகைகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் இழைக்க வேண்டும்.

மாவிலையைப் பதித்தல்

அக்காவுக்கு மாவிலை பிடிக்கும். ஆகவே இரண்டு மாவிலைகள், நடுவில் ஒரு மொட்டு. இலைகள் ஈட்டி மரம். மொட்டு வெட்பாலை. இலை 5 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம். பலகையின் மூலை ஒன்றில், விளிம்பிலிருந்து 4 அங்குலம் தள்ளி இடம் குறித்தோம்.

இலையின் நீளம் பலகையின் நார் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். இலைத் துண்டின் நாரும் அதே திசையில் ஓட வேண்டும். அப்போது பலகை அசையும்போது இலையும் சேர்ந்து அசையும். துண்டு சிறியதாக இருந்தால் அசைவும் சிறியது. என் பழைய கரைப் பட்டையில் இந்த இரண்டுமே இல்லை.

வேலை நடக்கும் வரிசை இது.

1. தாளில் இலையை வரைந்து, வெட்டி, ஈட்டித் துண்டின்மேல் ஒட்டுங்கள். துண்டின் கனம் ஒன்றேகால் நூல்.

2. மெல்லிய பல் உள்ள வில் ரம்பத்தால் கோட்டை ஒட்டி அறுங்கள். துண்டின் அடிப்பக்கம் மயிரிழை அளவு சிறுத்திருக்கட்டும். அப்போது பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறுகும்.

3. துண்டைப் பலகையின்மேல் வையுங்கள். நகராமல் பிடித்து, கூரான கத்தி முனையால் சுற்றிக் கீறுங்கள். பென்சில் கோடு தடிமன். கத்திக் கோடுதான் துல்லியம்.

4. கீறலுக்கு உள்ளே உளியால் பள்ளம் எடுங்கள். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். ஆழம் ஒரு நூல். கோட்டைத் தாண்ட வேண்டாம்.

5. பள்ளத்தின் அடி சமமாக இருக்கிறதா என்று விரலால் பாருங்கள். துண்டை லேசாக வைத்துப் பாருங்கள். முழுவதும் அமுக்க வேண்டாம். பிறகு எடுக்க வராது.

6. பசை தடவித் துண்டைப் பதியுங்கள். மேலே ஒரு தாள், அதன்மேல் ஒரு கட்டை. ஓர் இரவு இறுக்கி வையுங்கள். தாள் இல்லாவிட்டால் கட்டையும் ஒட்டிக்கொள்ளும்.

7. மறுநாள் இலை பலகைக்கு மேலே கால் நூல் துருத்திக்கொண்டிருக்கும். அதை இழைத்துச் சமன் செய்யுங்கள்.

8. கடைசியில், இலையின் நடு நரம்பையும் கிளை நரம்புகளையும் மெல்லிய உளியால் செதுக்குங்கள். அப்போதுதான் அது இலை மாதிரி உயிர் பெறும்.

எங்காவது இடைவெளி விழுந்ததா? கவலைப்பட வேண்டாம். அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து நிரப்புங்கள். எனக்கும் ஓர் இடத்தில் விழுந்தது. மாமா பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு முதல் வருஷம் முழுக்க விழுந்தது" என்றார்.

இரண்டு எச்சரிக்கைகள். உளி போகும் பாதையில் இன்னொரு கையை வைக்காதீர்கள். இரண்டு கையும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஈட்டி மரத் தூள் சிலருக்கு மூக்கு எரிச்சலும் தோல் அரிப்பும் தரும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

பலகைக்கு இடம் விடுங்கள்

இப்போது மேல் பலகையைச் சட்டத்தின்மேல் பொருத்த வேண்டும். ஆணி கூடாது. பசையும் கூடாது.

சிறு சிறு மரக்கட்டைகள் எட்டு செய்தோம். ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் ஒரு நாக்கு. சட்டத்தின் உள்பக்கத்தில், மேல் விளிம்புக்கு 4 நூல் கீழே சிறு பள்ளங்கள் வெட்டினோம். கட்டையின் நாக்கு அந்தப் பள்ளத்துக்குள் போகும். கட்டையை அடியிலிருந்து மேல் பலகையோடு திருகாணியால் முடுக்கினோம். நீளச் சட்டத்துக்கு மூன்று மூன்று. குட்டைச் சட்டத்துக்கு ஒவ்வொன்று.

நாக்கின் நுனிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு நூல் இடம் விட்டோம். குட்டைச் சட்டத்தில் பள்ளத்தைப் பக்கவாட்டில் அகலமாக வெட்டினோம். நாக்கு பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். ஆனால் பலகை அகலத்தில் நகர்ந்தால் தடுக்காது. மாமா சொன்ன மூச்சு விடும் இடம் இதுதான். திருகாணி பலகையைத் தாண்டி மேலே வராதபடி நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மெருகு

முதலில் 80-ஆம் எண் உப்புத்தாள். பிறகு 120. கடைசியில் 220. எப்போதும் நார் ஓடும் திசையில் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

அரக்கு மெருகு பளபளக்கும். ஆனால் சூடு பட்டால் வெள்ளை வளையம் விழும். அக்கா பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி வைப்பார். ஆகவே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்தோம். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தோம். இப்படி மூன்று முறை, நாளுக்கு ஒரு முறை. எண்ணெய் முழுவதும் காய்ந்து, கையில் ஒட்டாமல் போன பிறகுதான் மேஜைமேல் துணி வைக்க வேண்டும். நாங்கள் இரண்டு வாரம் காத்திருந்தோம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். துணியை வெளியே விரித்துக் காயப் போடுங்கள். அல்லது தண்ணீரில் போட்டு வையுங்கள்.

அக்காவின் விரல்

மேஜை செய்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று மழையும் மூன்று வெயிலும் பார்த்துவிட்டது. கோடையில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். நாக்குகள் கொஞ்சம் நகர்ந்திருக்கும். மழைக்குப் பிறகு பார்த்தால் பழையபடி இருக்கும். மேல் பலகையில் ஒரு விரிசல்கூட இல்லை. பலா கொஞ்சம் பழுப்பேறிவிட்டது. மாவிலை இன்னும் கறுப்பாக, தெளிவாக இருக்கிறது.

அக்கா துணி விரிக்கும் முன் மாவிலையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார். பட்டுத் துணி கிழிந்த நாளில் வந்த பழக்கம் அது. இலை எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிவதில்லை. பிறகு பட்டுத் துணியை விரித்து, கத்தரிக்கோலை எடுப்பார்.

உடைந்த மேஜையை நாங்கள் எரிக்கவில்லை. அந்தப் பலகை இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. அதில் அக்கா மகளுக்கு ஒரு சிறு முக்காலி செய்து கொண்டிருக்கிறேன். அவள் கிளி வேண்டும் என்கிறாள்.

சேர்ந்து பேசுங்கள்

1. மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் எந்தக் கதவு அல்லது ஜன்னல் இறுகுகிறது? ஏன்?

2. உங்கள் ஊரில் மேஜை செய்ய ஏற்ற மரம் எது? ஊர்த் தச்சரிடம் கேட்டு எழுதுங்கள்.

3. 36 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள பலகையில் எத்தனை கன அங்குலம் மரம் இருக்கிறது?

4. உங்கள் மேஜையில் என்ன வடிவத்தைப் பதிப்பீர்கள்? நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள்.